கணையத்தின் வாலில் ஓர் உருண்டை

ஹெரிபெர்த்தோவுக்கு அன்று காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். பையும் போர்வையுமாக வந்து நின்ற நாத்தனார் தார்ஹெலியாவிடம், மக்காச்சோளம் வெந்துகொண்டிருந்த அடுப்படியில் நின்றபடி அவன் மனைவி ஸொய்லா மெல்லச் சொன்னாள்.

"ஆபரேஷன் இன்னிக்கு இல்லக்கா... தள்ளிப் போடச் சொல்லிட்டேன்."

"என்னது! கணையத்தோட வால்ல கட்டி, மண்ணீரலோட சேத்து வெட்டி எடுக்கணும்னு பெரிய டாக்டரே சொல்லியாச்சு. தள்ளிப் போட நீ யாருடி?"

"அது கட்டியா இல்லாமலும் இருக்கலாம்க்கா. பன்னிக் குடல் கழுவறப்போ பாத்திருக்கேன். மண்ணீரலுக்குப் பக்கத்துல பட்டாணி மாதிரி இன்னொரு குட்டி மண்ணீரல் இருக்கும். அந்த மாதிரி இருக்குமான்னு ஸ்கேன் டாக்டரம்மாகிட்ட கேட்டேன்..."

"என் தம்பி உனக்குப் பன்னியாடி, குடல்காரி!"

குவென்கா சந்தையில் ஸொய்லாவுக்கு இருபத்திரண்டு வருஷமாகக் குடல் கடை. தார்ஹெலியாவின் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது அந்தக் கடைதான். அதை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. நாற்றத்தை மட்டும் எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் ஸ்கேன் பார்த்த டாக்டர் இனிகெஸ் அம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கவில்லை. மனிதர்களில் சிலருக்கு அந்தக் குட்டி மண்ணீரல் பிறவியிலேயே கணையத்துக்குள் புதைந்திருக்கும் என்றாள். ஸ்கேனில் உருண்டையும் மண்ணீரலும் ஒரே மாதிரி தெரிந்தன. ஆனால் சில பொல்லாத கட்டிகளும் அப்படியே வேஷம் போடுமாம். தலைநகர் கீட்டோவில் ஒரு பரிசோதனை உண்டு. அவன் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, சூடாக்கிக் கெடுத்து, ஸ்கேனில் மின்னும் மருந்து கலந்து திரும்ப ஏற்றுவார்கள். கெட்டுப்போன அணுக்களைப் பிடித்து வைப்பது மண்ணீரலின் வேலை. உருண்டையும் பிடித்தால் அது மண்ணீரல். பிடிக்காவிட்டால்...

அதற்கு ஒன்பது நாள் காத்திருக்க வேண்டும். ஹெரிபெர்த்தோ, "அவ சொல்றபடி செய்யலாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த ஒரு வார்த்தையால் முழுப் பொறுப்பும் ஸொய்லாவின் தலையில் விழுந்தது. இந்த ஒன்பது நாளில் அது பரவிவிட்டால்? அவன் இருமினாலும் பயம், இருமாமல் தூங்கினாலும் பயம். மூக்கில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

"அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்ற தார்ஹெலியா, அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. ஸொய்லா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று அதற்கும் பேச்சு வந்தது.

கீட்டோ ஆஸ்பத்திரி வராந்தாவில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்த டாக்டர் காகிதத்தோடு வெளியே வந்தார். ஸொய்லா எழுந்து நின்றாள்.

"உருண்டை நல்லாப் பிடிச்சிருக்கும்மா. அது மண்ணீரல்தான். புற்றுநோய் இல்ல. வெட்ட வேண்டியதே இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஹெரிபெர்த்தோ முகத்தைப் பொத்திக்கொண்டான். தார்ஹெலியா ஸொய்லாவின் காலடியில் சரிந்தாள்.

"உன்னை என்னெல்லாம் பேசிட்டேன்! நீ கல்லாட்டம் நின்னியேடி... அவ்வளவு நிச்சயமாத் தெரியுமாடி உனக்கு?"

ஸொய்லா அவளைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் உடைந்தாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா... நான்தான் அவரைக் கொன்னுட்டேனோன்னு ஒன்பது நாளா செத்துக்கிட்டிருந்தேன்!"