லண்டனுக்குப் போகாத ஜவுளிக்கடைக்காரர்

1972, ஐப்பசி முதல் தேதி. மயிலாப்பூர். காலை மணி 11.40.

எழுத்தாளர் சந்திரமௌலி மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் படிந்த பித்தளைக் குத்துவிளக்கு. ஊரையே சிரிக்கவைத்த 'பனகல் பார்க் பேய்' தொடர்கதை அவர் எழுதியதுதான். இரண்டாம் பாகத்தில் பேய் லண்டன் போய் நல்ல காப்பிக்கு அலைகிறது. அந்த அத்தியாயத்தை முடிக்க மனிதருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவரை அச்சகத்துக்கு அழைத்துப்போக வந்த ரிக்‌ஷாக்கார கபாலியின் கைகளில் ரத்தம். இன்ஸ்பெக்டர் கரீமுல்லா விலங்கை மாட்டிவிட்டார்.

"இன்னா சார் இது! உசுரு கீதான்னு தூக்கிப் பாத்தேன். மூணு கொயந்தைங்க கீது சார்!"

அத்தியாயத்தை வாங்கிப்போக வந்திருந்த ஜானு அவன் அழுவதைப் பார்த்தாள். பத்திரிகையில் பிழை திருத்துபவள். யாரையும் சட்டென்று நம்பமாட்டாள், போலீஸையும் சேர்த்துத்தான்.

சந்திரமௌலியின் மனைவி நீரஜா சுவரோடு ஒடுங்கியிருந்தாள்.

"ஒன்பதரைக்குத் தர்ப்பணம் முடிச்சார். வாசல்ல கோலம் போட்டுட்டு, அவருக்குச் சாதம் போட்டேன். அதுக்கப்பறம் யாரும் வரலை. பத்தரைக்கு அபிராமபுரம் அக்கா ஆத்துக்குப் போனேன். வர்றதுக்குள்ள..."

மேஜையடியில் ஒரு பை. அதில் புது வேட்டி. பைமேல் தி.நகர் ஜவுளிக்கடையின் பெயர்.

பகல் 1.30. கடை முதலாளி சுயம்புலிங்கத்தை அழைத்துவந்தார்கள். முதல் பாகத்துப் பேய் குடியிருந்தது இவர் கடையில்தான் என்று தி.நகர் முழுக்கப் பேச்சு.

"எப்ப வந்தீங்க?" என்றார் கரீமுல்லா.

"காலையில ஏழு மணிக்குய்யா. தீவாளி வேட்டி குடுக்க வந்தேன். வாசல்ல பெரிய கோலம். மிதிக்கப்படாதுன்னு ஓரமா நின்னு, அவர் கையில குடுத்துட்டுப் போயிட்டேன்."

கரீமுல்லா தலையாட்டினார். ஜானு ஆட்டவில்லை.

"ஏழு மணிக்கு இங்கே கோலமே இல்லை, அண்ணாச்சி."

"ஐயர் வீட்டுல விடிஞ்சும் கோலம் இல்லாமலா?"

"மாசப் பிறப்பு. தர்ப்பணம் முடியாமல் இந்த ஆத்து வாசல்ல கோலம் போடமாட்டா. மாமி போட்டதே ஒன்பதரைக்கு மேலே. அப்பறம் பத்தரை வரைக்கும் மாமி இங்கேதான். உங்களைப் பார்க்கலை. நீங்க கோலத்தைப் பார்த்தது மாமி கிளம்பினப்பறம்."

சுயம்புலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எம் புள்ள முத்துலட்சுமிய 'பேய்க்கடைக்காரன் மவ'ன்னு கேலி பண்ணியே கொன்னுட்டானுவ, தாயி. பேசி முடிச்ச மாப்பிள்ள வீடும் ஒதுங்கிட்டு. கெணத்துல விழுந்துட்டா. லண்டன் கதையிலயாவது என்னைய விட்ருங்கன்னு கெஞ்சத்தான் வந்தேன். அவரு சிரிச்சுக்கிட்டே 'இதைப் படிச்சுப் பாரும்'னு தாளை நீட்டுனாரு. இன்னும் கேலி பண்ணுதாரேன்னு கண்ணு மண்ணு தெரியல. அவரு அந்தப் பக்கம் திரும்புனதும்..."

கபாலியின் கையிலிருந்த விலங்கு கைமாறியது.

ஜானு மேஜையிலிருந்த அந்தத் தாளை எடுத்தாள். கடைக்காரர் வரும் வரிகளெல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் சந்திரமௌலியின் கையெழுத்து. சுயம்புலிங்கம் விலங்கோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன போட்டிருக்கு, தாயி?"

"'இவர் வேண்டாம். அந்தக் குழந்தை பட்டது போதும்.'"