மழைவாக்கு

இடிமழை எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் கரையோர ஜனமெல்லாம் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. சங்கை ஊதியவள் மெர்சலின். வீட்டுக்குள் போங்கள் என்பதற்காகத்தான் ஊதினாள். யார் கேட்கிறார்கள்!

“பாத்தியளா மேடம்? குடையக்கூட மடக்கி வச்சிட்டு நிக்காவ,” என்றார் கோமதிநாயகம். ரேடார் நிலையத்தில் அவளோடு பணியிலிருந்த பொறியாளர் அவர்.

எல்லாம் துளிச்செவி செய்த வேலை. ரேடாரின் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும்போது அந்தத் துளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடும். மேகத்துக்குள் காற்று சுழலத் தொடங்குவதை அப்படித்தான் பிடிப்பார்கள். அலையை இன்னும் நுணுக்கியபோது, பக்கத்தில் யாராவது பேசினால் துளி நடுங்குவதும் தெரிந்தது. அந்த நடுக்கத்தைத் திரும்பக் குரலாக்குவதுதான் துளிச்செவி. புயலில் போனவர்களின் குரல் பழைய பதிவுகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்ததும் ஜனங்களுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கொட்டும் மழையில் நின்று பெயரையும் தெருவையும் சொல்லி, மனசில் கிடப்பதைச் சொல்லிவிட்டால் ரேடார் அதைப் பத்திரமாக வைத்திருக்குமாம். அதற்கு மழைவாக்கு என்று பேரும் வைத்தாயிற்று. இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடிக்கிறார்கள்.

துளிச்செவியைக் கண்டுபிடித்தவள் மெர்சலின்தான். ஊருக்காக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அவள் கணவன் ராயன், ரேடார் பூட்டிய வண்டியை ஓட்டிக்கொண்டு இடிமேகங்களைத் துரத்தித் திரிந்தவன். கடலிலிருந்து கரையேறிய ஒரு சுழற்காற்று அவனை வண்டியோடு கொண்டுபோயிற்று. வண்டியின் ரேடார் மட்டும் கடைசிவரை பதிவை அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசியாக அவன் அவள் பேரைச் சொன்னானா என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் இத்தனை வருஷம் தவித்தாள்.

போன வாரம் பதிவு தெளிந்தது. அவள் பேரை அவன் சொல்லவில்லை. கரையில் வேடிக்கை பார்த்து நின்றவர்களை விரட்டிக் கத்தியிருந்தான், அவ்வளவுதான். அவள் அழுது தீர்த்தாள். செத்தவன்மேல் கோபம்கூட வந்தது.

இப்போது திரையில் சிவப்பும் பச்சையும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு பக்கம் காற்று வருகிறது, அடுத்த பக்கமே போகிறது என்று அர்த்தம். சுழல் கட்டிவிட்டது, ஊரைப் பார்த்துத்தான் நகர்கிறது.

“மைக்குல நீங்களே சொல்லிப் பாருங்களேன்.”

“நான் சொன்னா யாரும் இறங்க மாட்டாங்க, சார்.”

அவள் ராயனின் பதிவை எடுத்துக் கரையிலிருந்த ஒலிபெருக்கிகள் அத்தனைக்கும் திருப்பிவிட்டாள்.

“ஏய், உள்ள போங்கப்பா! பிள்ளையளத் தூக்கிட்டு ஓடுங்க! கதவச் சாத்துங்க!”

துளி நடுக்கத்தோடு வந்ததைக் கேட்டதுமே, புயலில் போன மனுஷன் குரல் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மாடிகள் மளமளவென்று காலியாயின. துளிச்செவியில் கலகலத்துக் கிடந்த பேச்செல்லாம் அடங்கி, வெறும் மழை மட்டும் கேட்டது.

“ஒருத்தரும் இல்ல மேடம்! உங்க வீட்டுக்காரர் ஊரையே காப்பாத்திட்டாரு. வாங்க, நாமளும் நிலவறைக்குப் போயிருவோம்.”

“நீங்க முன்னால போங்க. இதோ வந்துருதேன்.”

கோமதிநாயகம் கீழே இறங்கினார். மெர்சலின் மேலே ஏறினாள். மாடிக் கதவைத் திறந்ததும் மழை முகத்தில் அறைந்தது. கடலுக்கு மேலே கறுப்பாக ஒன்று சுழன்று வந்துகொண்டிருந்தது. பிறருடைய மழைவாக்கு எத்தனையோ கேட்டிருக்கிறாள். தான் ஒருநாளும் சொன்னதில்லை. வழக்கப்படி முதலில் பெயரையும் இடத்தையும் சொன்னாள்.

“மெர்சலின், ரேடார் நிலையம். ஏங்க, ஊரையெல்லாம் கூப்பிட்டியளே, என்னய ஒரு வார்த்த கூப்பிடத் தோணலயா? நான் இங்கதான் நிக்கேன்.”

கீழே ஒலிபெருக்கியில் ராயன் இன்னும் உள்ளே போகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் உயிரோடு இருந்த காலத்திலும் அவன் சொல்லி அவள் எதையும் கேட்டதில்லை.