எர்த் குழிக்குத் தண்ணீர்

கம்பி அவ்வளவு சுலபமாக இறங்கியிருக்கக் கூடாது. ஆளுயரச் செம்புக் கம்பி அது. பூம்பாறையில் இந்தச் சரிவில் முழங்கை ஆழம் தோண்டுவதற்குள் பாறை தட்டும், சம்மட்டியால் அடித்து அடித்துத் தோள் கழன்றுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் ராஜகுமாரி குனிந்தாள். கொடைக்கானலில் எத்தனையோ காட்டேஜுகளுக்கு வயரிங் செய்த கை அவளுடையது. பூண்டுத் தோட்டத்து ஓரத்தில், புல்கூட முளைக்காமல் வட்டமாகக் கிடந்த அந்த வெற்று மண்ணில் முனையை வைத்து லேசாக அழுத்தினாள். கம்பி உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. அடியில் யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டதுபோல் கடைசியில் அவள் பிடியிலிருந்து நழுவி, தலை மட்டும் வெளியே நின்றது.

நல்லதாப் போச்சு என்று நினைத்துக்கொண்டாள். யோசித்துக்கொண்டு நிற்கிற நேரமா இது? நேற்று மண் சரிந்து வீடு போய்விட்டது. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று வாங்கிய, கட்டில் வைத்த டிரெய்லர் வண்டியை மட்டும் தோட்டத்து ஓரத்துக்கு இழுத்து வந்து, புருஷன் குழந்தைவேலை அதற்குள் படுக்க வைத்திருந்தாள். அவருக்கு நுரையீரல் பாழ். ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. கூரையில் சோலார் பேனல் இருந்தது, பேட்டரியில் விடியும்வரைக்கும் சார்ஜ் இருந்தது. மின்சாரத்தை மண்ணோடு இணைக்கிற எர்த் மட்டும்தான் இல்லை. அது வீட்டோடு போய்விட்டது. ரப்பர் டயரில் நிற்கிற வண்டிக்கு எர்த் எங்கிருந்து வரும்? அது இல்லாத குறைக்கு இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கை மினுக்கி மினுக்கி அணைந்துகொண்டிருந்தது. கைவசம் இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரும் தீரும் நிலையில் இருந்தது.

இன்வெர்ட்டரிலிருந்து இழுத்து வந்த பச்சை வயரைக் கம்பித் தலையில் வைத்துக் கிளாம்ப்பை முறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜீப் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்து ஆண்டிச்சாமி.

"ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு தாயி. காலையில வெள்ளனே வந்துர்றேன். அதுவரைக்கும் சமாளிச்சுருவியா?"

"எர்த்து போட்டுட்டேண்ணே. இனி மெஷின் ஓடிரும்."

"எங்கன போட்ட?"

"ஒண்ணும் மொளைக்காம கெடக்குல்ல, அந்த வட்டத்துல."

போனில் காற்று இரைந்தது.

"அதுல யாரும் மம்பட்டியே வைக்க மாட்டாகளே தாயி..." என்றார். அதோடு சிக்னல் போய்விட்டது.

போகட்டும். மம்பட்டி வைக்காவிட்டால் என்ன, அவள் கம்பிதானே வைத்தாள்? எல்லா எர்த் குழிக்கும் செய்வதுபோலக் கம்பியைச் சுற்றிக் கல்லுப்பும் கரியும் போட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் தேங்கவில்லை. மடக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே ஓடிப் பார்த்தால் பச்சை விளக்கு. மெஷின் புஸ்ஸ்ஸ், டக், புஸ்ஸ்ஸ், டக் என்று ஓடியது. குழந்தைவேலின் உதட்டில் நீலம் கரைந்தது. அவர் காலைக் கட்டிக்கொண்டு ராஜகுமாரி வாய்விட்டு அழுதாள்.

அழுது முடிப்பதற்குள் விளக்கு மறுபடி சிவந்தது.

மண் காய்ந்திருக்கும் என்று இன்னொரு குடம் ஊற்றினாள். மடக். பச்சை. கொஞ்ச நேரத்தில் சிவப்பு. இந்த ஈரத்தில், கைநீட்டினால் விரல் தெரியாத இந்தப் பனிமூட்டத்தில், மண் எப்படிக் காயும்? மடக். பச்சை. சிவப்பு. வெளிச்சம் மங்க மங்க, யூகலிப்டஸ் வாசமும் பூண்டு வாசமும் அடங்கி, நனைந்த கரி வாசம் மட்டும் மேலே வந்தது. டிரம்மில் தண்ணீர் தீர்ந்தது. சமையலுக்கு வைத்திருந்ததும் தீர்ந்தது. கடைசிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள், ஊற்றப் போன கையை நிறுத்தினாள்.

கம்பித் தலையைக் காணோம்.

கிளாம்ப்போடு சேர்ந்து அது மண்ணுக்குள் போயிருந்தது. பச்சை வயர் விறைத்து நின்றது. வட்டமான அந்த மண் மெல்ல மேலெழுந்தது. தாழ்ந்தது. வண்டிக்குள் மெஷின் புஸ்ஸ்ஸ் என்றபோது எழுந்தது. டக் என்றபோது தாழ்ந்தது.

முருகா!

குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

வண்டிக்குள் குழந்தைவேல் குமட்டினார்.

கை நின்றது. தற்செயல்தான். மறுபடி இழுத்தாள்.

மறுபடி குமட்டல். தொண்டையைக் கிழிக்கிற குமட்டல்.

"இழுக்காத குமாரி."

அவர் குரல்தான். கதவு சாத்தியிருந்தது. இந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது.

"மாமா?"

குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஓடினாள். ஏன் அதை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

குழந்தைவேல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிடித்துத் தூக்கினாலும் உட்கார முடியாத மனுஷன். மூக்குக் குழாய் தலையணையில் கிடந்தது. மெஷின் யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் கன்னத்தில் நல்ல ரத்தம் ஓடியது. கல்யாணத்தன்று பார்த்த முகம்.

"என்ன மாமா? என்ன செய்யுது?"

அவர் வாயைத் திறந்தார்.

பல்லிடுக்கில் ஈரக்கரி. நாக்கில் கல்லுப்பு. அதற்கும் உள்ளே, தொண்டைக்குழியில், செம்பு மினுங்கியது. அவள் கையால் முறுக்கிய கிளாம்ப். அதில் பச்சை வயரின் நுனி.

விளக்கு சிவந்தது.

மெஷின் நின்றது. அவர் நெஞ்சு பாதி எழும்பி நின்றது. உதட்டில் நீலம் படர்ந்தது. கண் மட்டும் அவளைப் பார்த்தது. அது அவர் கண்தான். கெஞ்சுகிற கண்.

"தண்ணி," என்றார். உதடு அசையவில்லை.

தலையை அண்ணாந்தார்.

ராஜகுமாரி குடத்தைச் சாய்த்தாள். கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள்.

மடக்.

பச்சை விளக்கு. புஸ்ஸ்ஸ், டக்.

குடம் காலி. அவர் வாயை மூடவில்லை.