விண்ணப்பதாரர் பெயர்

"சேலத்துப் பக்கம் ஒரு அடி எடுத்து வெச்சுப் பாருங்க ரெண்டு பேரும்... அப்பறம் இந்த ஊட்டுல நடக்கறதே வேற!"

ஐயாக்கண்ணு போட்ட சத்தத்தில், பொங்க இருந்த பால்கூட யோசித்துவிட்டு அடங்கியது.

மணி எட்டரை. ஒன்பதுக்கு அவர்கள் ஊரான கொட்டச்சேட்டுக்கு பஸ் வரும். அதில் ஒண்டிக்கடை நிறுத்தம் வரை போய், அங்கே சேலம் பஸ்ஸைப் பிடித்தால்தான் உண்டு. மகளுக்குச் சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரத்தில் இடம் கிடைத்திருந்தது. சேர இன்று கடைசி நாள்.

அவர் மனைவி அத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். விடிந்ததிலிருந்து நான்காவது தடவை.

"ஏனுங்க... புள்ளையோட எதிர்காலமுங்க..."

"வக்கீலுக்குப் படிக்கறதுதான் எதிர்காலம்! லா காலேஜுக்கு நானே என்ற கையால எழுதி, நானே தபாலாபீசுல சேத்தேன். பதில் வராம எங்க போயிரும்?"

எங்கே போயிற்று என்று அத்தாயிக்குத் தெரியும். பதினைந்து நாளாக அது தகரப்பெட்டியில், அவளுடைய கல்யாணப் புடவை மடிப்புக்குள் கிடந்தது.

ஐயாக்கண்ணுவுக்குச் சட்டத்தின் மேல் திடீர்க் காதல் வரக் காரணம், ஒரு மிளகுக் கொடி. வேர் அவர் காட்டில். அது ஏறிப் படர்ந்த சில்வர் ஓக் மரமோ அண்ணன் மாதேஸ்வரன் காட்டில். மிளகு யாருக்கு? மூன்று வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. குருவிகள் தின்று கொழுத்ததுதான் மிச்சம். மகள் வக்கீலாகிக் கொடியை மீட்க வேண்டும் என்பது தம்பியின் லட்சியம். பொருளாதார விண்ணப்பத்தை வாங்கிவந்து கொடுத்தவர் அண்ணன். பொருளாதாரம் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது. அது கோர்ட்டுக்குப் போகாத படிப்பு. அவருக்கு அது போதும்.

வேலிக்கு அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்த மாதேஸ்வரன் கொப்பளித்துத் துப்பினார்.

"அம்மிணி! கூடப் பொறந்தவனைக் கூண்டுல ஏத்தறதுக்குத்தான் புள்ளையப் பெத்தாரான்னு உன்ற ஊட்டுக்காரரைக் கேளு!"

"அத்தாயி! ஏத்தாம உடமாட்டேன்னு அந்த ஆளுகிட்டச் சொல்லு!"

நடுவே இருந்தது நாலடி தூரம். ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் அத்தாயி வழியாகத்தான் போக வேண்டும். மூன்று வருஷமாக அந்த இரண்டு வீட்டுக்கும் டெலிபோன் அவள்தான்!

மகள் சென்னம்மாள் சான்றிதழ் ஃபைலைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மாமியார் பெயரை வைத்த பெண் என்பதால் அத்தாயி அவளை இதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"கண்ணு... உனக்கு எதுல இஷ்டமுன்னு வாயத் தொறந்து சொல்லேன்!"

"நாம காப்பி பறிக்கற மாசம் பாத்து வெலை எறங்குதேம்மா, அது ஏன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும். பொருளாதாரந்தான். கொடிக்காக அஞ்சு வருசம் சட்டம் படிக்க என்னால ஆவாது."

ஐயாக்கண்ணு பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"நொம்ப நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கற! நீ அந்த ஆளோட கூட்டு! தபால்காரன்கிட்ட வாங்கறது நீதானே? என்ற கடுதாசிய அமுக்கிட்ட... திருடி!"

திருடி! இருபது வருஷத்தில் அவள் கேட்காத வார்த்தை.

தனியாகச் சொல்லப் போனபோதெல்லாம், "அண்ணன் சொல்லி உட்டானா?" என்று பாய்ந்த மனிதர். இப்போது எல்லார் முன்னாலும் உடைத்துவிடலாம். ஆனால் வேலிக்கு அப்பால் மாதேஸ்வரனின் காது நீண்டிருந்ததே! அவர் எதிரில் இவர் மானம் என்னாவது? சொல்லாவிட்டாலோ, மகளுக்கு வக்கீலும் இல்லை, பொருளாதாரமும் இல்லை...

அத்தாயி விடுவிடுவென்று உள்ளே போய் அந்தக் கல்யாணப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

"நான் மாரமங்கலத்துக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க. தொணைக்குப் புள்ளையும் வரட்டும்."

ஒண்டிக்கடையில் மாரமங்கலம் பஸ்ஸைத் தவறவிட்டு, தவறுதலாகச் சேலம் பஸ்ஸில் ஏறிவிடுவதாக அவள் உத்தேசம்.

"போறவளுக்கு நான் எடுத்த கூரைப்புடவை எதுக்கு?"

அவர் இழுக்க, அவள் இழுக்க, புடவை விரிந்தது. பழுப்பு உறை ஒன்று பறந்து, வேலிச் சந்தில் நுழைந்து, மாதேஸ்வரனின் காலடியில் விழுந்தது!

"ஐயோ மாமா! படிக்காதீங்க!" என்று கத்தினாள் அத்தாயி.

அவர் படித்துவிட்டார். அதுவும் உரக்க.

"விண்ணப்பதாரர் பெயர்... ஐயாக்கண்ணு. பாலினம்... ஆண். வயது... நாப்பத்தெட்டு!"

மூலையில் போட்டோ. முறுக்கிய மீசை. காப்பிக் கன்றுக்கு மனுப் போட எடுத்தது. மேலே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'வயது வரம்பு கடந்ததால் திருப்பி அனுப்பப்படுகிறது. இணைத்துள்ள மதிப்பெண் பட்டியல் வேறொருவருடையது.'

உர மனு, பட்டா மனு, ரேஷன் கார்டு மனு... அந்த வீட்டுக்கு வந்த எந்தத் தாளிலும் விண்ணப்பதாரர் அவர்தான். கை பழகிவிட்டது!

ஐயாக்கண்ணு பிடித்திருந்த புடவையை விட்டார்.

"இத்தனை நாளா... ஏம்புள்ள மறைச்ச?"

"மாமா முன்னால நீங்க தலை குனியறதைப் பாக்கறதுக்கு, நான் திருடின்னு பேரெடுக்கறது மேலுங்க..." அத்தாயி விம்மினாள்.

முறுக்கு மீசை துடித்தது. அவர் கண்ணிலும் பொலபொலவென்று...

"டேய் தம்பி!"

மூன்று வருஷத்துக்குப் பிறகு, டெலிபோன் இல்லாமல் ஒரு நேரடிக் குரல்!

"என்னைக் கூண்டுல ஏத்த நீயே வக்கீலாகப் பாத்தியாடா?"

முதலில் மகள்தான் 'களுக்'கென்றாள். அப்புறம் அண்ணன். கடைசியில் அழுதுகொண்டே தம்பியும்.

"கொடி உன்றது, மரம் என்றது, உடு. மொளகை அம்மிணி பறிச்சுக்கட்டும். ரெண்டு பேரு வாயையும் மூணு வருசமாச் சொமந்தவ அவதான்" என்றார் மாதேஸ்வரன்.

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. கணவனும் மனைவியும் மகளும் ஓட்டமாக ஓட, பின்னால் மாதேஸ்வரன் அந்தப் பழுப்பு உறையை ஆட்டிக்கொண்டே வந்தார். "மார்க்கு சீட்டு! மார்க்கு சீட்டு இதுக்குள்ள இருக்குதுடா!"

மதியம், கல்லூரி வராந்தா. சேர்க்கைப் படிவம் கைக்கு வந்ததும் ஐயாக்கண்ணு பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்து முதல் வரிக்குக் கொண்டுபோனார். மகள் இருமினாள். அவர் பேனாவை அத்தாயியிடம் நீட்டினார்.

'மாணவியின் பெயர்.'

"எழுதினா மாமியாளுக்குக் குத்தமாயிராதுங்களே?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். சென்னம்மாள்.

அடுத்த வரி, 'பெற்றோர் பெயர்.' புருஷன் பெயரை எப்படி எழுதுவது? பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை.

"என்ற பேரை எழுதித்தான் இத்தனை கூத்து. உன்ற பேரை எழுது."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் எங்கும் எழுதாத பெயர். எழுதி முடிப்பதற்குள் அதன் மேலேயே இரண்டு சொட்டு விழுந்தது.

"அம்மா! மை கலையுது!" என்று பதறினாள் மகள்.

"கலைஞ்சா என்ன கண்ணு... இன்னொருக்கா எழுதறேன்."