கொசுறாகப் போன மாத்திரை

"அஞ்சு மாத்திரை போதும் சிஸ்டர். மிச்சத்தைக் கொறைச்சுக்கங்க."

தல்லாகுளம் கிளினிக்கின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு கண்கள் நிமிர்ந்தன... மழை கட்டிய மேகம் போல, அதே மிரட்டலோடு.

"இது சேலை இல்ல சார், பேசிக் கொறைக்க! தான்சானியா போறதுக்கு முன்னாடி ஒண்ணு, அங்க மூணு வாரத்துக்கு மூணு, திரும்பி வந்தும் நாலு. மொத்தம் எட்டு."

"வந்தப்புறம் எதுக்கு? அந்த ஊர்க் கொசு என்கூடப் பிளேன் ஏறியா வரும்?"

"கொசு வராது. அது குடுத்தனுப்புறது வரும்."

கார்த்திகேஷ் பர்ஸை எடுத்தான். விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடையில் வளர்ந்தவன். சொன்ன விலையில் பாதிதான் அவன் காதில் விழும். அன்று முழு விலை கொடுத்தான்! கொதிக்க வைத்த தண்ணீர், முழுக்கைச் சட்டை, கொசுவலை என்று அவள் அடுக்க, அவன் தலையாட்டிக்கொண்டே அவள் சட்டையிலிருந்த பெயரைப் படித்தான். இசைவாணி.

சேலை விற்கப் போன தான்சானியாவின் தார் எஸ் சலாமில் முழுக்கைச் சட்டை போட்டான். கொதித்த தண்ணீரே குடித்தான். கடைசி நாள், இருபது சேலை எடுத்த கடைக்காரர் கொசுறு கேட்டார். கைக்குட்டைகள் தீர்ந்திருந்தன. கொசுறு போடாமல் வியாபாரத்தை முடிப்பது அவன் குலத்துக்கே இழுக்கு... பைக்குள் மிச்சமிருந்த நான்கு மாத்திரைகளை எடுத்து நீட்டிவிட்டான்.

ஊருக்கு வந்த பதினைந்தாம் நாள் பல் தந்தியடித்தது.

"மலேரியா மாத்திரை எல்லாம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர். பக்கத்தில் தெர்மாமீட்டரோடு இசைவாணி. அந்தக் கண்கள் அவனையே பார்த்தன.

"ஒண்ணு விடாம, டாக்டர்."

அவள் முகம் மலர்ந்ததே! அதைப் பார்த்ததும் காய்ச்சலைவிட அதிகமாகச் சுட்டது.

"அப்ப மழைக்காலக் காய்ச்சல்தான்" என்று டாக்டர் சீட்டு எழுதினார்.

வாசலில் மழை. பின்னாலேயே குடையோடு ஓடி வந்தாள்.

"நனையாதீங்க சார். ஒரு விஷயம்... எங்கண்ணன் இம்மானுவேல் அடுத்த மாசம் உகாண்டாவுக்கு வேலைக்குப் போறான். மாத்திரையே வேணாம்ங்கிறான். உங்களைக் காட்டித்தான் புத்தி சொல்லப் போறேன்."

குடையை வாங்க நீண்ட கை அப்படியே நின்றது. எத்தனையோ சாயம் போகும் சேலையைச் சாயம் போகாது என்று விற்றிருக்கிறான், இப்படிக் கூசியதில்லை.

"என்னைக் காட்டாதீங்க சிஸ்டர்... நாலு மாத்திரை நான் சாப்பிடவே இல்ல. கொசுறாக் குடுத்துட்டேன்."

"கொசுறாவா!" குடை மடங்கியது. "உள்ள வாங்க."

ரத்தம் எடுத்தார்கள். மலேரியாவேதான். கட்டிலில் படுக்க வைத்தார்கள். இசைவாணி அவன் முகத்தைப் பார்க்காமலே ஊசி போட்டாள்.

"திட்டிருங்களேன்..."

"உசுரையே கொசுறாப் போட்ட வியாபாரிய இப்பத்தான் பாக்குறேன்! சரி, குடுத்தீங்க. டாக்டர்கிட்ட ஏன் பொய்? அதை நம்பி அவர் வேற மருந்துல்ல எழுதினாரு?"

"டாக்டர் மட்டும் இருந்தா சொல்லியிருப்பேன். நீங்க நின்னீங்க."

"நான் நின்னா என்னவாம்?"

போர்வையை மோவாய் வரை இழுத்துக்கொண்டான். முகத்தையும் மூடிக்கொண்டால் தேவலை.

"ஊருல யார் முன்னாடி மானம் போனாலும் பரவாயில்ல... உங்க முன்னாடி போகக் கூடாதுன்னு நெனச்சேன், இசைவாணி."

'சிஸ்டர்' என்ற சொல் காணாமல் போயிருந்தது. அவளும் கவனித்தாள். வெளியே மழை திடீரென்று வலுத்தது.

"பதினாலு நாள் மாத்திரை" என்றாள், குரலைக் கடுமையாக்கப் பார்த்து. "தெனமும் இங்க வந்து என் கண்ணு முன்னாடி முழுங்கணும். உங்க பேச்சை நம்புறதா இல்ல. ஞாயித்துக்கிழமை எங்கண்ணனைக் கூட்டிட்டு வாரேன். நடந்ததை நீங்களே அவன்கிட்டச் சொல்லணும்."

"பொய் சொன்னதையுமா?"

"அதைத்தான் மொதல்ல."

"சொல்றேன்... பதினாலு நாள்தானா?"

"ஒரு நாள்கூடக் கொறைக்க முடியாது சார்!"

"கொறைக்கச் சொல்லல. அதுக்கு மேல கொஞ்சம்... கொசுறு போடுங்களேன்."

தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவள் கையில் டம்ளர் நடுங்கியது.

குளிர்காய்ச்சல் அவனுக்குத்தானே!