அங்கமுத்து பட்டனை விடவில்லை

“மேல ஏறிட்டீங்கல்ல அண்ணே, இன்னும் எதுக்கு ரேடியோல பேசுறீங்க? கீழ வாங்க. ஓவர்.”

“யாருடா ஏறுனது? நான் இன்னும் சம்பான்லதான் இருக்கேன்லா. பொகையில ஒன்னுமே தெரியல.”

கீழறையில் ரேடியோவைப் பிடித்திருந்த கிஷன் அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே, படகின் தளத்தில், ஈரப் பாதம் பலகையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தத்தோடு யாரோ முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்கள்.

மலாக்காவிலிருந்து போர்ட்டிக்சனுக்கு முதலாளியின் பாய்மரப் படகைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. தொண்ணூற்றேழின் காட்டுத்தீப் புகைமூட்டம் நடுப்பகலையே மஞ்சளாக்கி, கடலையும் வானத்தையும் ஒன்றாகப் பூசி மெழுகிவிட்டிருந்தது. காற்று இல்லை. இஞ்சினும் நின்றுபோனது. நங்கூரம் போட்டுவிட்டு, பக்கத்தில் பேச்சுக்குரல் கேட்ட மீன்பிடி மேடையில் டீசல் கேட்டு வரலாமென்று, படகின் மூத்த ஆளான அங்கமுத்து கைரேடியோவோடு சம்பான் என்ற சிறு துடுப்புப் படகில் இறங்கினார். புக்கிட் காத்தில் என்ற ஊரில், வீட்டிலிருந்தே ரேடியோப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்த கிஷன் அவருக்கு ஓடி ஓடிச் சொல்லித்தந்தான்: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், பட்டனை அழுத்தியிருக்கும்வரை எதிராளி பேசுவது கேட்காது, முடித்ததும் ‘ஓவர்’ சொல்லிப் பட்டனை விட்டுவிட வேண்டும்.

“ஓவர் ஓவர்னு, கிரிக்கெட்டா ஆடுறோம்?” என்று சிரித்துக்கொண்டே துடுப்பு போட்டார்.

இப்போது காலடி நின்றது. கிஷனின் தலைக்கு நேர் மேலே. தளத்துக்குத் திறக்கும் மூடிக்கதவின் இடுக்கில் சேற்று நாற்றம் இறங்கியது. அவன் கதவைத் தள்ளினான். அசையவில்லை. அதன்மேல் யாரோ உட்கார்ந்திருக்கும் கனம்.

படகு மூழ்கினால் ‘மேடே’. உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத அவசரத்துக்கு ‘பான் பான்’. இதற்கு என்ன சொல்? சேனல் பதினாறுக்கு மாற்றினால் உதவி கேட்கலாம். ஆனால் அங்கமுத்துவின் குரல் போய்விடும். கப்பல் போகும் வழியில், திசை தெரியாமல், ஒற்றை ஆள்.

“அண்ணே, படகுகிட்ட வராதீங்க. மேல நிக்கிறது நான் இல்ல. ஓவர்.”

பட்டனை விட்டான். அங்கமுத்து ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்.

“...தெரியுதுடா, தெரியுது. நீ ஏன்டா நனைஞ்சுபோய் நிக்கிற? கை காட்டுனது போதும், வரேன்லா...”

கிஷன் அழுத்தினான். கத்தினான். விட்டான்.

“...சிரிக்காதடா. கயித்தப் புடி...”

அவர் பட்டனை விடவே இல்லை.

சம்பான் படகில் மோதியது.

வட்டச் சன்னல். கண்ணாடிக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில் அங்கமுத்து. வாயருகே ரேடியோ. நிமிர்ந்த முகத்தில் நிம்மதி. இன்னொரு கையை மேலே நீட்டினார். மேலிருந்து ஒரு கை இறங்கியது. கிஷன் போட்டிருக்கும் அதே நீலச் சட்டை. மணிக்கட்டு. முழங்கை. இன்னும் இறங்கியது. இரண்டாவது முழங்கை.

கண்ணாடியைத் தட்டினால் அங்கமுத்து திரும்பிப் பார்ப்பார். அதுவும் குனிந்து பார்க்கும். சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் தட்டுவீர்களா?