பூமி தோஷம்

செவ்வாயில் குடியேறியவர்களுக்குச் செவ்வாய் தோஷம் ஒழிந்தது. காலுக்குக் கீழே கிடக்கும் கோளுக்கு யார் பயப்படுவார்கள்? சோதிடர்கள் சும்மா இருப்பார்களா, பூமி தோஷத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே குழந்தைகள் கருத்தொட்டியில் வளர்ந்ததால் பிரசவ நேரம் என்று ஒன்று இல்லை. இதயத்தின் முதல் துடிப்பை வைத்துத்தான் ஜாதகம் கணித்தார்கள்.

அந்தத் துடிப்புக்குப் பொறுப்பு டாக்டர் அமுதவல்லி. கருவின் வளர்ச்சிக் காரணி மரபணுக்களை உரிய வேளையில் அவள் தூண்டிவிட வேண்டும். அப்போதுதான் நூல் போன்ற குழாய் வளைந்து நான்கு அறை இதயமாகும். அதிலிருந்து கிளம்பும் ஒற்றைத் தமனி இரண்டாகப் பிரியும். தள்ளிப்போட்டால் தமனி பிரியாது, பிள்ளை பிழைக்காது.

பெற்றோர்களோ தள்ளிப்போடச் சொல்லித்தான் வருவார்கள். அமுதவல்லி வாதாட மாட்டாள். மரபணுக்களை வேளைக்குத் தூண்டிவிட்டு, தொட்டியின் கண்ணாடியை இருட்டாக்கி, ஒலிபெருக்கியை அணைத்து வைப்பாள். சோதிடர் குறித்த நேரத்தில் ஒலியைத் திறப்பாள். “இதுதானே முதல் துடிப்பு?” என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், ஆமாம். இந்த வித்தையை உதவி எந்திரன் பொன்னனுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். “படிச்சவங்களே இப்படி இருக்காங்களே!” என்று அதனிடம் சிரித்துக்கொள்வாள்.

பிறகு அவளுடைய மகளே கருவாகத் தொட்டிக்கு வந்தாள். சொந்தப் பிள்ளையின் தொட்டியை மருத்துவர் தொடக் கூடாது என்பது விதி. பொன்னனைத் தனியே அழைத்தாள்.

“ரெண்டு நாள் நிறுத்தி வை.”

“தமனி பிரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க, டாக்டர்?”

“எனக்குத் தெரியாதா? ரெண்டே நாள்தானே, ஒண்ணும் ஆகாது. ஏழாம் வீட்டுல பூமி உக்காந்திருக்கு. நாளைக்கு இவளுக்கு எவன் மாப்பிள்ளையா வருவான்?”

பொன்னன் ஒரு கணம் யோசித்தது. “சரிங்க டாக்டர்.”

குறித்த நேரத்தில் அமுதவல்லி தொட்டியருகே வந்து நின்றாள். கண்ணாடி இருண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. திடீரென்று ஒலிபெருக்கியில் லப்டப் என்று கேட்டது. சீரான, பழகிய துடிப்பு. அவள் விம்மி அழுதாள்.

“பொன்னா, இதுதானே முதல் துடிப்பு?”

“நீங்க சொல்லிக் கொடுத்த பதில்தான், டாக்டர். ஆமாம்.”

அவள் காதில் ஆமாம் மட்டும் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனை அழைத்தாள்.

“சுத்தமான ஜாதகங்க! நான் அப்பவே சொன்னேன்ல, ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகாதுன்னு?”